வெள்ளைக் குழாய்த் தண்ணீர்

எங்கள் உறைக்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாயில் வைத்தால் கரிக்கும். பிறந்ததிலிருந்து அதைத்தான் குடித்தேன், பெரிதாக ஒன்றும் தோன்றியதில்லை. என் மகளுக்கு நீர்க்கடுப்பு வந்து, போய், மறுபடியும் வந்தபோதுதான் பயம் பிடித்தது. ஏழு வயதுப் பெண் பாத்ரூம் போகப் பயந்து அடக்கிக்கொண்டு அழுதாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "முதல்ல தண்ணிய மாத்துங்க. நல்ல தண்ணியா நிறைய குடிக்கணும்" என்றார்.

மிஷின் தேட ஆரம்பித்தேன். முதலில் வந்தவன் டை கட்டிக்கொண்டு பைக்கில் வந்தான். எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தான். தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு மாறியது. "இதத்தான் பாப்பாவுக்குக் குடுக்கிறீங்க" என்று மகள் எதிரிலேயே சொன்னான். கம்பி கரைவதால்தான் அந்த நிறம் வருகிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்தக் கம்பியாலேயே அவனைத் துரத்தியிருப்பேன். அடுத்து வந்தவன், தண்ணீரை மிருதுவாக்கும் மிஷின் என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தான். சோப்பு நுரைக்குமாம், பருப்பு வேகுமாம். உப்பு போகுமா என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

நான் இப்படி ஏமாளியாக அலைந்த மாதங்களில் மகளுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தது என் அம்மா. அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நடவு, களையெடுப்பு என்று நாற்பது வருடமாக ஒரே வீட்டு நிலத்தில் வேலை செய்கிறாள். "ஆண்டை வூடு" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரியும். அந்த வீட்டில் தண்ணீர் மிஷின் மாட்டியதும், பின்பக்கம் வேலையாட்களுக்கென்று ஒரு நீல டிரம் வைத்தார்கள். "இப்பல்லாம் எங்களுக்கும் மிசின் தண்ணிதான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். தினமும் சாயங்காலம் அதில் ஒரு பாட்டில் பிடித்து வந்து பேத்திக்குக் கொடுத்தாள்.

"கரிக்குது" என்று மகள் முகம் சுளித்தாள்.

"மிசின் தண்ணி அப்டிதான் இருக்கும், குடி" என்றாள் அம்மா.

நானும் அதட்டினேன். மருந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கூட ஊற்றியிருக்கிறேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் பஜாரில் மிஷின் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் எதையும் விற்க அவசரப்படவில்லை. பேனா மாதிரி ஒரு மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார். எவ்வளவு உப்பு என்பதை அது நம்பராகக் காட்டியது. "ஜாஸ்திதான்மா. இதுக்கு ஆர்ஓ தவிர வேற எதுவும் சரிப்படாது" என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் தன் பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்த மாதிரி தண்ணி வருமா பாய் உன் மிசின்ல? இத பாத்துட்டு சொல்லு."

பாய் மீட்டரை அதில் வைத்தார். நம்பர் எங்கள் கிணற்றைத் தாண்டிப் போனது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே நம்பர்.

"ஆயா, இத எங்க புடிச்சீங்க?"

"ஆண்டை வூட்டு மிசின்லதான். பின்னால வெள்ள பைப்பு ஒண்ணு தொங்கிக்கினு கீதே, அதுலேர்ந்துதான் டிரம்முக்கு வருது."

பாய் மீட்டரைப் பையில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மிசினுக்கு ரெண்டு பைப்பும்மா. ஒண்ணுல நல்ல தண்ணி வரும். எடுத்த உப்பெல்லாம் சேந்து இன்னொண்ணுல வெளிய போவும். அது பாத்ரூம் கழுவத்தான். குடிக்கிற தண்ணியில்ல."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுடி" என்றாள் அம்மா. அந்த நேரத்தில் அவள் மேல் வந்த கோபம் வேறு யார் மேலும் வரவில்லை.

நேராக அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா பின்வாசலுக்கு வந்தார். நான் கேட்டதற்கு, "வேஸ்டாதானே போவுது, ஆளுங்களாவது குடிக்கட்டும்னு வெச்சோம்" என்றார். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். முகத்தில் ஒரு கூச்சம் கிடையாது. தர்மம் செய்தவர் மாதிரி நின்றார்.

"உங்க பேரனுக்கு இதுல ஒரு டம்ளர் குடுங்க பாப்போம்" என்றேன்.

"இன்னா பேச்சு பேசற நீ?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். டிரம்மை உதைத்துக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மறுநாள் அது அதே இடத்தில் நிமிர்ந்து நின்றது என்று அம்மா சொன்னாள். அவள் வேலையை விடவில்லை. குடிக்க மட்டும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோனாள்.

அந்த வாரமே பாய் வந்து எங்கள் மிஷினை மாட்டினார். வேஸ்ட் பைப்பை எங்கே விடுவது என்று கேட்டார். நேராகக் கக்கூஸ் தொட்டிக்கு விடச் சொன்னேன். நடுவில் ஒரு குழாய் மட்டும் வைக்கச் சொன்னேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

எதற்கென்று எனக்குத் தெரியும். நடவுக்கு ஆள் கூப்பிட அந்த வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும். அந்தக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்து, அவர் குடித்து முடித்ததும் அது என்ன தண்ணீர் என்று சொல்ல வேண்டும். வாலாஜாபாத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் எனக்கு இதே நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. வண்டியை விட்டு இறங்காமல், "நாளைக்கு நடவு கீது, ஆறு பேர் வேணும்" என்றார். நான் உள்ளே ஓடி வேஸ்ட் குழாயில் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தேன். அதற்குள் அம்மா நல்ல தண்ணீர்ச் சொம்போடு முந்திக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டு மிசின் தண்ணி, குடிங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். என் டம்ளரைப் பார்த்தார். "வேணாம், வேணாம். இப்பதான் வூட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த நாற்பது வருடத்தில் எங்கள் தெருவில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. கோபத்தில் அதைக்கூட மறந்துவிட்டு நான் குழாய் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எந்தக் குழாயில் பிடித்தாலும் அவருக்கு ஒன்றுதான்.