கையெழுத்துக்கு மட்டும் ஒரு போர்மேன்

பட்டாசு ஆலையில் மருந்து வேலையை மேற்பார்வையிடும் போர்மேன் பயிற்சி முடித்துவிட்டு, திருத்தங்கலில் வேலையில்லாமல் இருந்தேன். உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரத்தில், 'போர்மேன் தேவை. சான்றிதழ் அவசியம். அனுபவம் தேவையில்லை' என்றிருந்தது. வெடிமருந்தோடு புழங்கும் வேலைக்கு அனுபவம் வேண்டாம் என்கிறானே, இவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று யோசிக்காத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆமத்தூர்ப் பக்கம் இருந்த அந்த ஆலைக்குப் போனேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சான்றிதழை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க தினமும் வர வேண்டாம். சர்டிபிகேட் இங்கன இருக்கட்டும். மாசம் ஒருநா வந்து ரிஜிஸ்டர்ல மொத்தமா கையெழுத்து போட்டுட்டுப் போங்க. சம்பளம் வீட்டுக்கே வந்துரும்."

"அப்ப வேலைய யாரு பாப்பாக?"

"அது பாட்டுக்கு நடக்கும்."

வீட்டில் உட்கார்ந்தே சம்பளம்! பல்லை இளித்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். அவர் போன் பேச வெளியே போனதும், டீ கொண்டுவந்த அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, முந்தி இருந்த போர்மேனும் இப்படித்தான் கையெழுத்து போட்டாரு. இங்கன மருந்து ரூம் வெடிச்ச அன்னைக்கு வீட்ல படுத்திருந்தாரு. இப்ப ஜெயில்ல இருக்காரு."

சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

'வெடித்தால் ஜெயிலுக்குப் போக ஆள் தேவை' என்று நேராகவே விளம்பரம் கொடுக்கலாமே. அதற்கும் ஒரு வரிதானே ஆகும்? அந்த யோக்கியர்களின் விளம்பரம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த ஆலைக்குப் போனாலும், உள்ளே நுழையும் முன் வாட்ச்மேனிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன்: "அண்ணாச்சி, முந்தின போர்மேன் இப்ப எங்கன இருக்காரு?"