நீர்யானை தூக்கிய குட்டி

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் எண்ணூர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவன். எங்கள் முதல் குழந்தை, பெண், ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது. என் மனைவி செல்விக்கு மயக்கம் தெளியும் முன்பே, துணியில் சுற்றிக் கொடுத்ததைக் காசிமேட்டு இடுகாட்டில் புதைத்துவிட்டேன். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று நானே முடிவு செய்தேன்.

இரண்டு மாதமாகியும் அவள் பேசவில்லை. கொஞ்சம் மனம் மாறட்டும் என்று மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு நீர்யானை, அசையாத தன் குட்டியை மூக்கால் தண்ணீருக்கு மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. குட்டி மறுபடியும் மறுபடியும் மூழ்கியது.

"தண்ணிலதான் குட்டி போடும். அது மூச்சு வுட அம்மாதான் மேல தள்ளும். இது நேத்தே செத்துப்போச்சு, எடுக்க வுட மாட்டேங்குது" என்றார் பராமரிப்பாளர்.

செல்வி கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம கொயந்த யாரு மாதிரிய்யா இருந்துச்சு?"

பயத்தில் அந்தத் துணியை நான் விலக்கவே இல்லை.

"உன்ன மாதிரிதான் இருந்துச்சு" என்றேன்.

அன்றிலிருந்து பேசுகிறாள். மூக்கு எப்படி, முடி எவ்வளவு என்று கேட்கிறாள். நானும் ஒவ்வொன்றாக இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மகளின் முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.