நெஞ்சில் கட்டியிருக்கு

ஐந்து கரத்தானே, என் எழுதுகோலுக்கு முன்னே நீ நட. கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்றளியில் அமர்ந்து உலகுக்கெல்லாம் பாலூட்டும் அன்னையே, பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லப் புகுகிறேன். சொல் தடுக்கும் இடத்தில் நீ துணை வா.

இன்று ஆடிப்பூரம். அம்மைக்கு வளையல் அணிவித்து மகிழும் நன்னாள். பெரம்பலூரில் எங்கள் தெருக் கோயிலில் காலை வழிபாடு முடிந்து, பிரசாதமாகத் தந்த கண்ணாடி வளையல்களைக் கையில் ஏற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் சில பெண்கள் கூடிப் பழைய பதிகங்களைப் பாடுவது வழக்கம். அம்மையைப் போற்றும் இடமெல்லாம் அப்பாடல்களில் முலை என்ற சொல் வரும். ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிறோம். ஆண்கள் கண்மூடிக் கேட்கிறார்கள், சிறு பிள்ளைகள் கூடவே பாடுகிறார்கள், யாரும் நெளிவதில்லை. அம்மையின் திருப்பெயரிலேயே அச்சொல் அமைந்த தலங்கள் உண்டு. ஆனால் கோயில் வாசற்படியைத் தாண்டியதும் அந்தச் சொல் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை, இத்தனை வயதுக்குப் பிறகு, இந்த ஆண்டுதான் யோசித்துப் பார்த்தேன்.

தை மாதத்தில் எங்கள் தெருவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்க வந்த செவிலியர், போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"முப்பது வயசு தாண்டின பொம்பளைங்க எல்லாருக்கும் மார்பகப் பரிசோதனை பண்றோம்மா. நாளைக்குக் காலைல சென்டருக்கு வந்துடுங்க. ஒண்ணும் இல்லாதவங்கதான் வரணும்."

என்னோடு பாடும் எதிர்வீட்டு அம்மாள் விடவில்லை. "ஒண்ணும் இல்லாதவ எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"ஒண்ணு இருந்தா நீங்களே ஓடி வருவீங்க. நான் வீடு வீடா வந்து கூப்பிட வேணாம்ல?"

அந்த விடை எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் போனோம். செவிலியர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எப்பவாச்சும் கட்டி, தடிப்பு ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?" விடைகளை நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தி 'மேல' என்றாள். இன்னொருத்தி 'அந்த எடம்' என்றாள். 'மாரு' என்றாள் ஒருத்தி. 'புள்ள பால் குடிக்கிற எடம்' என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள், பேரன் பேத்தி எடுத்த ஒருத்தி. பெரும்பாலோர் 'நெஞ்சு' என்றார்கள். ஒலிபெருக்கியில் அம்மையைப் பாடிய வாய்களில் ஒன்றுகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. என் முறை வந்தபோது நானும் 'நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா' என்றுதான் சொன்னேன்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் பரப்பால் சிறு சிறு வட்டமாக அழுத்திக்கொண்டே அக்குள் வரை போனார். வெண்ணெயில் கிடக்கும் மயிரைத் தேடுகிற நிதானம்.

"எதைத் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"தேடலம்மா. இல்லைன்னு உறுதி பண்றேன். நீங்களும் மாசத்துக்கு ஒருதரம் பண்ணிப் பாருங்க" என்று என் விரல்களைப் பிடித்து அதே வட்டத்தைப் போட வைத்தார். இல்லை என்று அறிவதற்கும் ஒரு முறை உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. பெரிய மருத்துவமனைக்குப் போய் ஒரு முறை மேமோகிராம் என்ற மார்பகப் படமும் எடுத்துவிடச் சொன்னார். இன்றைக்கு நாளைக்கு என்று பங்குனி வந்துவிட்டது.

பங்குனியில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். என் கணவருக்கு இளையவள். முந்திரிக்கொல்லையில் கொட்டை பொறுக்கும் பருவம் அது. வீட்டு வாசலெங்கும் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அடுக்களையில் நின்று ஒரு மூடியில் மருந்தை ஊற்றிக் குடித்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க உட்கார்ந்தாள்.

"என்னம்மா, இருமலா?"

"இல்லீங்க அண்ணி."

"சளியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நெஞ்சுல கட்டியிருக்கு."

"அதைத்தான் சளின்னு கேக்குறேன்."

"ஐய, சளின்னு யாரு சொன்னா? கட்டிங்கறேன்."

நான் மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தேன். இருமல் மருந்து. அவளிடம் கேட்கக் கேட்க, நடந்தது துலங்கியது. மாசி மாதத்தில், மஞ்சள் தேய்த்துக் குளிக்கும்போது இடப்பக்கம் ஏதோ கையில் தட்டியிருக்கிறது. வலி இல்லை. கணவரிடம்கூடச் சொல்லாமல் டவுனில் ஒரு டாக்டரிடம் போய், 'நெஞ்சுல கட்டியிருக்கு சார்' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் புடவைக்கு மேலேயே முதுகில் குழாயை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிக் கேட்டுவிட்டு மருந்து எழுதினாராம்.

"கவலப்படாதீங்கம்மா, கொஞ்ச நாள்ல கரைஞ்சிடும்னாரு. ஆவியும் புடிக்கச் சொன்னாரு. ரொம்ப நல்ல மனுசர் அண்ணி, மேல கையே வைக்கல."

குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர் கேட்டதிலும் பிழை இல்லை. கட்டி என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் 'இருக்கு' வந்தால் நடுவில் யகரம் தோன்றும்: கட்டியிருக்கு. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டால் அதையும் நாம் அப்படியேதான் சொல்கிறோம்: கட்டியிருக்கு. எழுதும்போது இடைவெளி விட்டுப் பிரித்துக் காட்டலாம். பேச்சில் அந்த இடைவெளி கிடையாது. உடம்படுமெய் என்று அந்த யகரத்துக்கு இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. பள்ளியில் நெட்டுருப் போட்ட அந்தப் பெயர், ஒருத்தி உடம்பின் மெய்யை இவ்வளவு நாள் மூடி வைத்திருக்கும் என்று யார் கண்டார்கள்? 'நெஞ்சு' என்ற சொல்லும் அதற்குத் துணைபோயிருந்தது. அவள் வேறு சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் குழாயைக் கீழே வைத்திருப்பார்.

விளக்கிச் சொன்னதும் அவள் முதலில் சிரித்தாள். "அப்ப நான் இத்தினி நாள் குடிச்சது?"

"இருமல் மருந்து."

"அதான் அண்ணி, தொண்ட மட்டும் கணீர்னு இருக்கு! இந்த வாரம் உங்க கூட்டத்துல என்னையும் பாட வுடுங்க." கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப கட்டி அப்படியேதான இருக்கு."

என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். மூன்று விரல்களால் வட்டம் போட்டேன். கொல்லையில் கிடக்கும் கொட்டையைப்போல ஒன்று, அசையாமல் இருந்தது.

மறுநாளே இருவரும் மாவட்டத்துப் பெரிய மருத்துவமனைக்குப் பஸ் ஏறினோம். எனக்கும் படம் எடுக்க வேண்டியிருந்தது ஒரு சாக்கு. அவளை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தேன். செந்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் தூசி கிளப்பிக்கொண்டு போயின.

"இந்தத் தடவை சரியாச் சொல்லணும், தெரிஞ்சுதா? நெஞ்சுன்னு சொல்லாத."

"வேற என்னன்னு சொல்றது?"

நான் சொன்னேன். முன் இருக்கையில் இருந்தவர் காதில் விழாத அளவுக்கு மெதுவாக.

"அய்யய்யோ. நீங்க பாருங்க, உங்களாலேயே சத்தமாச் சொல்ல முடியல. மைக்குல மட்டும் ஊருக்கே கேக்குறாப்ல பாடுறீங்க."

"அது சாமிக்கு."

"சாமிக்குன்னா கூச்சம் இல்ல, டாக்டருக்குன்னா கூச்சமா? அது எப்புடி அண்ணி?"

அம்மையிடம் அச்சொல் பாலும் அருளும் ஆகிறது. நம்மிடம் வந்தால் வசையாகவோ வம்பாகவோ ஆகிவிடுகிறது. சொல் ஒன்றுதான். எப்போது, யார் அதை இரண்டாக அறுத்தார்கள் என்று அன்று அரியலூர் வரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மருத்துவர் ஒரு பெண். நாங்கள் போனபோது அறை வாசலில் வேறு பெண்களும் நெருக்கி நின்றார்கள். கதவு திறந்தே கிடந்தது.

"என்னம்மா பிரச்சினை?"

என் நாத்தனார் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். "நெஞ்சு..." என்று தொடங்கி நிறுத்தினாள். நான் வாய் திறக்குமுன், சந்தையில் விலை கூறுகிற குரலில் அவளே சொன்னாள்.

"முலைங்க. முலையில கட்டி. சளி இல்லீங்க."

வாசலில் யாரோ வளையல் குலுங்க வாயைப் பொத்திக்கொண்டாள். மருத்துவர் நிமிரக்கூட இல்லை.

"எந்தப் பக்கம்?"

அவ்வளவுதான். ஒரு பிறவி முழுதும் விழுங்கிய சொல்லுக்கு மறுமொழி, எந்தப் பக்கம். "இடப்பக்கங்க" என்றாள் இவள். அதைச் சொல்லும்போது குரலில் கூச்சம் போய்விட்டிருந்தது.

படம் எடுக்கும் அறையில் முதலில் என்னை அழைத்தார்கள். இளம்பெண் ஒருத்தி இயந்திரத்தருகில் நின்றிருந்தாள்.

"பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?"

"பவுடர் இல்லம்மா, திருநீறு." குளித்ததும் நெற்றியோடு நிற்காமல் மார்பிலும் தோளிலும் பூசுவது என் வழக்கம்.

"எதுவா இருந்தாலும் படத்துல வெள்ளைப் புள்ளியா விழும். நாங்க தேடுறதும் சில சமயம் அந்த மாதிரிப் புள்ளியைத்தான். தொடச்சிடுங்க."

ஈரப் பஞ்சை வாங்கித் துடைத்தேன். உடல் முழுதும் சாம்பல் பூசியவன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் உடம்புக்குள்ளும் நீற்றைப்போல நுண்புள்ளிகள் விளையும், அவற்றைப் படிக்கக் கண்கள் பழகியிருக்கின்றன என்பது எனக்கு வியப்பாக இருந்தது. இரண்டு தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தும்போது வலிக்கத்தான் செய்தது. மூச்சைப் பிடித்து விடும் நேரம்தான். திரையில் என் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மேகத்துக்குள் நிலா இருப்பது போல் இருந்தது. "நல்லாத்தான் இருக்கு, டாக்டர் பாத்துச் சொல்வாங்க" என்றாள்.

நாத்தனாருக்குத் தாலிக்கொடிதான் கவலை. "இதக் கழட்டச் சொன்னா நான் வூட்டுக்குப் போயிடுவேன்."

"யாரு கழட்டச் சொன்னா? முதுகுப் பக்கம் தள்ளி வுட்டுக்குங்க. தெனம் நூறு தாலியப் பாக்குறேன்."

தகடு இறங்கியபோது அவள் குரல் வெளியே கேட்டது. "ஏம்மா, இது முந்திரிக்கொட்ட ஒடைக்கிற மிஷினுல்ல! பருப்பு ஒடையாம எடும்மா."

உள்ளே அந்தப் பெண் சிரித்துவிட, மூச்சைப் பிடிக்கச் சொல்லி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் பெரம்பலூரில் எங்கள் வீட்டில் இருந்தாள். சிறுவாச்சூர்க் காளிக்கு ஒரு முறை போய்வந்தோம். சந்நிதியில் அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை, நெடுநேரம் நின்றாள்.

புற்றுதான் என்று மருத்துவர் சொன்னார். சிறியது, அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை, நல்ல வேளை வந்தீர்கள் என்றார். செய்தி தெரிந்து ஊரிலிருந்து வந்திருந்த அவள் கணவர், படித்த தாளையே திரும்பத் திரும்பப் புரட்டினார். இவள் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கரையுமாங்க?"

"கரையாதும்மா. எடுக்கணும்."

"அப்ப எடுத்துருங்க. கரையுமுன்னு நம்பி ஏமாந்தது போதும்."

வைகாசியில் எடுத்தார்கள். கட்டியையும் சுற்றிலும் கொஞ்சத்தையும் மட்டும். கட்டுப் பிரித்த அன்று, 'பாருங்க அண்ணி' என்று தானே காட்டினாள். தையல் கோடு பிறைபோல் வளைந்திருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது திருச்சிக்குப் போய்க் கரண்டு வைத்துக்கொண்டு வருகிறாள். கதிர் வைத்துச் செய்யும் மருத்துவத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். தோல் கறுத்திருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, பஸ் பயணம் அலுக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு பார்த்துத்தான் சொல்வோம் என்கிறார் மருத்துவர். என் படத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்று உறுதி செய்ய, காலம் பார்த்து மறுபடியும் போவேன்.

நேற்று தொலைபேசியில் பேசினாள். அவள் ஊரில் ஒருத்தி நெஞ்சில் கட்டியிருக்கிறது என்று புலம்பினாளாம். இவள் விடாமல் விசாரித்திருக்கிறாள். கடைசியில் அது சளியேதான்.

"இருந்தா இருக்கட்டும் அண்ணி. கேட்டதுல நட்டம் இல்ல. நீங்க இதையெல்லாம் எழுதுங்க. எம் பேரு வேணாம். அந்தச் சொல்ல மட்டும் மறைக்காம எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கும் தாய்மாரே, மகள்மாரே, அவர்களை உடன் அழைத்துச் செல்லும் ஆண்மக்களே: அம்மை உங்கள் உடலுக்கு நலமும் நாவுக்குத் துணிவும் தருவாளாக. நீங்கள் சொல்வது சொன்னபடியே கேட்கப்படுவதாக. தேடிய இடத்தில் ஒன்றும் இல்லாதிருப்பதாக. இருந்தால் காலத்தோடு கண்டு களையப்படுவதாக. உங்கள் கைவளையும் மனையும் நெடுங்காலம் ஒலித்து வாழ்க.