குளியலறைப் பொந்து

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. பால்காரர் பால் அளக்கும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், படிக்குள் அவருடைய கட்டைவிரல் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பேன். கல்யாணமாகிக் கல்கத்தாவில் வந்து இறங்கிய புதிதிலேயே இவர், அதாவது என் கணவர், "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்டி" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு சனிக்கிழமை அவர் உயிரோடு குளியலறையைவிட்டு வெளியே வந்தது அந்தப் புத்தியால்தான். அதை அவரும் மறுக்க மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். இவருக்கு பாங்க்கில் உத்தியோகம். கல்கத்தாவில் அப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. லோட்ஷெடிங் என்ற சொல்லை அங்கே பேச்சு வராத குழந்தைகூடச் சொல்லும். டிசம்பர் குளிரில் பக்கெட்டுக்குள் ஹீட்டர் கம்பியைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். தண்ணீர் வெதுவெதுப்பாகிற சமயம் பார்த்து கரண்ட் போய்விடும்.

இவருக்குக் குளிர் ஆகாது. அந்த ஊரில் பல வருஷம் தனியாக இருந்து, குளிருக்குப் பயப்படுவதில் முழு வங்காளியாகவே ஆகிவிட்டிருந்தார். ஐப்பசி முடியும் முன்பே தலையில் குரங்குக் குல்லா ஏறிவிடும். அதனால் கடைக்காரன் ஒருவன் காஸில் ஓடும் கீஸரைப் பற்றிச் சொன்னதும் மயங்கிவிட்டார். பழைய மாடல் மாதிரி இல்லையாம், பாதி காஸில் இரண்டு மடங்கு சூடு தருமாம்.

"பாதி காஸ்ல ரெண்டு மடங்கு சூடுன்னா, மீதி சூடு எங்கேர்ந்து வரதாம்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர்தான் எஃபிஷியன்ஸி. உனக்குப் புரியாது."

எனக்குப் புரியாததை எல்லாம் நான் சும்மா விட்டுவிடுவதில்லை. கீஸரை மாட்ட ஃபிட்டர் வந்த அன்று சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குளியலறை வாசலிலேயே நின்றேன். அந்த ஆள் என்னை 'பௌதி' என்று கூப்பிட்டார். அண்ணி என்று அர்த்தமாம். பார்த்த மாத்திரத்தில் உறவு கொண்டாடுகிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. வாயில் வெற்றிலை, காதில் பீடி. காஸ் வேலைக்கு வருகிறவர் காதில் பீடி!

சுவரில் ஓட்டை போடுகிறேன் என்று அவர் அடித்த அடியில் கதவு நிலையே ஆட்டம் கண்டது. தாழ்ப்பாள் போய் மாட்டும் கொண்டியின் திருகாணி லொடலொட என்று ஆகிவிட்டது. கேட்டால், "ஒண்ணும் ஆகாது பௌதி, டீ உண்டா?" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். வேண்டுமென்றே செய்கிறானோ, பின்னால் திருட வருவதற்கு வழி பண்ணிவைக்கிறானோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

வெள்ளைப் பெட்டி ஒன்று சுவரில் ஏறியது. சிலிண்டரை வெளியே நடையில் வைத்து, சுவர் வழியாக ரப்பர் குழாயை உள்ளே இழுத்தார். குழாயின் மூட்டில் என்னுடைய குளிக்கிற சோப்பைக் குழைத்துப் பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. தீக்குச்சியைக் கிழித்துக் காட்டியதும் பெட்டியின் சின்னக் கண் வழியாக ஒரு நீலச் சுடர் தெரிந்தது. குழாயைத் திறந்ததும் உள்ளே 'பக்'கென்று ஒரு வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"எல்லாம் சரி. அடுப்புன்னா புகை போக வழி இருக்கணுமோல்லியோ? இதுக்கு எங்கே?" என்றேன்.

"காஸ்ல ஏதுடி புகை?"

ஃபிட்டர் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில் திரும்பி, வெற்றிலைச் சாறு வழியாமல் இருக்க முகத்தை அண்ணாந்துகொண்டு, குளியலறைச் சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் பக்கம் விரலை நீட்டி, "பொந்தோ தாக்லே சாலாபேன் நா. ஏக்தொம் நா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

எனக்கு அப்போது வங்காளத்தில் காய்கறிப் பேர்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் 'பொந்து' என்று காதில் விழுந்தது. விரலும் பொந்தைத்தான் காட்டியது. கண்ணாடி இல்லாமல் கம்பி மட்டும் போட்ட ஒரு சதுர ஓட்டை அது. பொந்து என்று தாராளமாகச் சொல்லலாம்.

"அந்தப் பொந்தைப் பத்தி என்னமோ சொல்லிட்டுப் போறானே, என்னன்னா?"

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அசடே, பொந்து இல்லடி, பந்த்! பந்த்னா இந்த ஊர் ஹர்த்தால். பந்த் இருந்தா கீஸரைப் போடாதீங்கோ, போடவே போடாதீங்கோன்னு சொல்லிட்டுப் போறான்."

"காஸுக்கு எப்படித் தெரியும் இன்னிக்கு பந்த்னு?"

"ஏதாவது கோளாறு ஆனா, பந்த் அன்னிக்கு மெக்கானிக் எப்படி வருவான்? பஸ் உண்டா, டிராம் உண்டா?"

"அப்போ எதுக்குப் பொந்தைக் காட்டினான்?"

"தெருவைக் காட்டினான். பந்த் தெருவிலதானே நடக்கும், நம்மாத்து பாத்ரூம்லயா நடக்கும்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த விரல் என் மனசைவிட்டுப் போகவில்லை. தெருவைக் காட்டுகிறவன் எதற்கு அண்ணாந்து காட்டினான்?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது ஆசாரம் வந்தது. கல்கத்தாவில் பந்துக்குப் பஞ்சமா? யார் பந்த் அறிவித்தாலும் எங்கள் கீஸர் அதில் கலந்துகொண்டது. ஊரே விடுமுறையில் சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு "ஊ, ஊ" என்று அலறுவார். எதிர் போர்ஷனில் இருந்த வங்காள அம்மாளை நாங்கள் மாஷிமா என்போம், சித்தி மாதிரி. பந்த் அன்று உங்கள் வீட்டுக்காரர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று அவர் ஒருநாள் என்னிடம் ஜாடையில் கேட்டார். கட்சிக்காரர் என்று நினைத்தாரோ என்னவோ.

பௌஷ மாசம், அதாவது நம் மார்கழி, பிறந்து குளிர் உறைத்தது. பொந்து வழியாகக் காற்று வருகிறது என்று இவர் ஸ்டூல் போட்டு ஏறி, காலி அரிசிச் சாக்கைச் சுருட்டி அதில் திணித்தார். கதவின் அடியில் பழைய வேஷ்டியைச் செருகிவைத்தார். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. ஒருநாள் பெட்டியின் சின்னக் கண் வழியாகப் பார்த்தேன். நீலமாக இருந்த சுடர் மஞ்சளாக இருந்தது. முன்பக்கத்தில் லேசாகக் கரியும் படிந்திருந்தது.

"காஸ்ல புகை கிடையாதுன்னேளே, இந்தக் கரி எங்கேர்ந்து வந்தது?"

"கார்த்தாலே எழுந்து கீஸர் மூஞ்சியைப் பார்க்கறயே, என் மூஞ்சியைப் பாரேன்."

பார்த்தேன். அதுவும் கொஞ்ச நாளாகவே சரியில்லை. குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது என்பார். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று கடையை மாற்றினார். நான் நம்பவில்லை. இவர் குளிக்கப் போனால் என் ஒரு காது அங்கேயே இருக்கும்படி ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை இவருக்கு எண்ணெய்க் குளியல். வங்காளிகள் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். நம்மவர்களுக்கு எண்ணெய் ஊற வேண்டும், சீயக்காய் தேய்க்க வேண்டும், அதுவரைக்கும் வெந்நீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே போனதும் இவருக்குப் பாட்டு வேறு வரும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். சுருதி இருக்காது. அன்று பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

சீயக்காய் கண்ணில் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததையே சந்தேகப்பட்டேன். போய்க் கதவைத் தட்டினேன். "விளையாடாதீங்கோ, எனக்குக் கோபம் வரும்" என்றேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. எனக்கு அந்த ஊரில் இவரைத் தவிர யாரும் இல்லை. "மாஷிமா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து கதவில் மோதினோம். அந்த ஃபிட்டர் ஆட்டிவிட்டுப் போன கொண்டி, புண்ணியமாகப் போக, இரண்டாவது இடியிலேயே பெயர்ந்து விழுந்தது.

இவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். எண்ணெய் வழுக்குகிறது, பிடி கிடைக்கவில்லை. எப்படி இழுத்தோமோ, வெளி வராந்தாவில் கொண்டுபோய்க் கிடத்தினோம். ஒரு புடவையை எடுத்துப் போர்த்தினேன். கன்னத்தில் அறைந்தேன், அழுதேன், திட்டினேன். குளிர்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்குள் மாஷிமா சிலிண்டரை மூடிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். உள்ளிருந்து ஒரு சத்தம் போட்டார். "ஜான்லா பொந்தோ கேனோ? ஷொப் பொந்தோ! பொந்தோ!"

திரும்பிப் பார்த்தேன். அண்ணாந்து விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதே விரல், அதே பொந்து, அதில் எங்கள் அரிசிச் சாக்கு. பிறகு என்னைப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் ஜன்னல் கதவு மாதிரிச் சேர்த்து மூடிக் காட்டினார். மூடியிருக்கிறது. பொந்தோ என்றால் மூடியிருக்கிறது. அது மூடியிருந்தால் போடாதே என்றுதான் அந்த ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஸ்டூலைத் தேடவில்லை. ஒட்டடைக் குச்சியால் நெம்பி அந்தச் சாக்கைக் கீழே தள்ளிவிட்டு ஓடி வந்தேன். இவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். மாஷிமா இன்னும் "பொந்தோ, பொந்தோ" என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி," என்றார் இவர் ஈனசுரத்தில், "இன்னிக்கு பந்தா?"

அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"பந்த் இல்லை," என்றேன். "பொந்து."