விளக்குப் பக்கத்து இலை

என் மாமனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான். விஷுவோ ஓணமோ, அவர் வீட்டில் பந்தி விரித்தால் குத்துவிளக்குக்குப் பக்கத்து இலை மூத்த மாப்பிள்ளைக்கு. பரிமாறல் அங்கிருந்துதான் தொடங்கும். பதினொரு வருஷம் அந்த இலையில் நான்தான் உட்கார்ந்தேன்.

உட்காரத் தகுதியும் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து சுக்கு மூட்டை சுமந்தேன். முப்பத்தைந்து வயதில் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் இரண்டு கிடங்கு எனக்குச் சொந்தம். சுக்கை ஒடித்தால் சத்தத்தை வைத்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன், யாராவது கொண்டுவந்து ஒடித்துக் காட்டட்டும்.

இரண்டாவது பெண்ணைக் கட்டிய என் சகலை பத்தாவது பாஸ். ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஏதோ ஒரு சின்னக் கட்சியில் இருந்தார். அறுபத்தைந்தாம் வருஷக் கேரளத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை வராமல், சட்டசபை கூடாமலேயே கலைந்தது. அன்றைக்கு நான் அவரிடம், "என்ன சகலை, இலையைப் போட்டு உட்கார வெச்சு, சோறு போடாம எழுப்பி விட்டுட்டாங்களே!" என்று கேட்டேன். வீடே சிரித்தது.

அறுபத்தேழில் மறுபடியும் தேர்தல். அவர் கட்சியில் ஜெயித்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

"உங்க கட்சி மொத்தமும் ஒரே வள்ளத்துல ஏறி வைப்பின் தீவுக்குப் போயிடலாம். துடுப்பு போட ஆள் வேணும்னா நான் அனுப்பறேன்" என்று அவரைச் சீண்டினேன்.

"வள்ளம் சின்னதுதான் அண்ணே. கரை சேர்ந்தா போதுமில்லையா?" என்றார்.

சேர்ந்துவிட்டது. ஏழு கட்சிகள் கைகோத்து மந்திரிசபை அமைத்தன. அந்தச் சின்னக் கட்சிக்கும் ஒரு மந்திரி. பதவியேற்பைப் பார்க்கத் திருவனந்தபுரம் போன சகலை, திரும்பி வரும்போது கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தார். என் கிடங்கு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் தெருவைத் தாண்டி ஓடினார்கள். "சேட்டா, மந்திரி எந்து பறஞ்ஞு?" என்று, மந்திரி என்ன சொன்னாரென்று ஒரே கேள்வி. சாயாக் கடைக்காரன் அவர் கேட்காமலே கிளாஸை நீட்டினான். பதினைந்து வருஷமாக அங்கே சாயா குடிக்கிற நான் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது?

விஷுவுக்குப் பத்து நாள் முன்னால் அப்பா வீட்டுக்குப் போய்வந்த என் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, அப்பா ரேஷன் கடை லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கார்ல? உங்க சகலை ஒரு வார்த்தை சொன்னா நடக்குமாம். இந்தத் தடவை அவரை விளக்குப் பக்கம் உட்கார வெக்கலாமான்னு அப்பாவுக்கு ஒரு நெனப்பு."

"உன் தங்கச்சி புருஷன் என்ன மந்திரியா?"

"மந்திரி வீட்டு வாசல்ல செருப்பு கழட்டிட்டு வந்தவராச்சே!"

 பிறகு யோசித்தேன். படித்தவர்கள் தலையை எண்ணித்தானே மந்திரிசபை அமைத்தார்கள்? இந்த வீட்டில் மாப்பிள்ளைகள் மூன்று பேர். இரண்டு பேர் ஒன்றானால் மூன்றாவது ஆள் என்ன செய்ய முடியும்?

கடைசிப் பெண்ணைக் கட்டியவன் தையல்காரன். பஜாரில் ஒற்றை மிஷின் வைத்திருந்தான். தேர்தலில் எல்லாக் கட்சிக்கும் கொடி தைத்துக் கொடுத்தவன். எந்தக் கட்சி என்று அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சட்டை தைக்கிற சாக்கில் அவனிடம் போனேன்.

"தம்பி, மூத்தவன் நான் இருக்க, ரெண்டாமத்தவர் விளக்குப் பக்கம் உட்கார்றது மொறையா?"

"மொறையில்லண்ணே." டேப்பைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். "கழுத்து கொஞ்சம் பெருத்திருக்கண்ணே."

"அதை மாமாகிட்ட நீ சொல்லணும்."

"கழுத்தையா?"

"அட, மொறையை!"

"சொல்றேண்ணே. அவர் உட்காரப்படாது. அதானே?"

"அதேதான்."

விஷு அன்று புதுச் சட்டையோடு முதல் ஆளாகப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சகலை வந்தார். அவருக்கும் புதுச் சட்டை. என் சட்டைக் காலரில் இருந்த அதே இரட்டைத் தையல். எனக்குச் சுருக்கென்றது.

இலை போட்டதும் மாமனார் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளைங்களா, கோவிச்சுக்கப்படாது. நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா தன்கிட்ட வந்து, மத்தவர் உட்காரப்படாதுன்னு சொன்னீங்கன்னு சின்ன மாப்பிள்ளை சொன்னார். ரெண்டு பேர் பேச்சையும் எப்படித் தட்டறது? அதனால இந்தத் தடவை அவரே உட்காரட்டும்."

தையல்காரன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தாமல் இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். பருப்பும் நெய்யும் முதலில் அவன் இலையில் விழுந்தன. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக நான் பரிமாறுகிறவர் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை குனிந்து கேட்டார்.

"அண்ணே, சட்டைக்கு என்னிக்கு அளவு கொடுத்தீங்க?"

"செவ்வாக்கிழமை. நீங்க?"

"திங்கக்கிழமை."

எனக்கு ஒரு நாள் முன்னாலேயே போயிருக்கிறார். அந்த நேரத்திலும் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஓணத்துக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் மாமாகிட்டப் பேசிடுவோம் அண்ணே. இவனை விடப்படாது."

"பேசலாம். யார் உட்காரணும்னு பேசறது?"

சகலை அப்பளத்தை நொறுக்கினார். நானும் நொறுக்கினேன். 

அந்த வருஷம் ஓணத்துக்கும் தையல்காரன்தான் உட்கார்ந்தான்.