கூன் போடச் சொன்னவர்கள்

பிள்ளைகளா, இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இருபத்தொரு வயது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரம். எட்டாம் வகுப்பிலேயே அப்பனான என் தோளைத் தாண்டிவிட்டாள். அதிலிருந்து எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. ஒட்டடைக்கம்பு என்று கூப்பிடுவார்கள். இப்படியே வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே தலையைத் தொங்கப்போட்டுத் தோளை முன்னால் மடக்கிக்கொள்வாள். மடங்கிய தோள் அப்படியே நின்றுவிட்டது. கூடவே படிப்பும் கைபேசியும் சேர்ந்துகொண்டன. கழுத்துவலி, தலைவலி. மாடிப்படி ஏறினால் மூச்சு நிறையவில்லை என்பாள். நெஞ்சில் கோளாறு இல்லை என்று பார்த்துச் சொன்ன டாக்டர், எங்கள் ஊர் காரைக்குடியிலேயே ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா அவளைக் குப்புறப் படுக்கவைத்து, அவள் மூச்சை விடும்போதெல்லாம் முதுகெலும்பை ஒட்டி உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். தோள் மடங்கினால் விலா விரியாது, விலா விரியாவிட்டால் மூச்சுக்குக் கழுத்துச் சதை இழுக்கும், அந்த வலிதான் இது என்று எனக்குப் புரியும்படி சொன்னார். வீட்டில் செய்ய ஒரு பயிற்சி கொடுத்தார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைக்க வேண்டும். மூச்சை இழுத்தால் வயிற்றுக் கை எழ வேண்டும், நெஞ்சுக் கை அசையக்கூடாது. சூடான காப்பியை ஊதுவதுபோல மெதுவாக வெளியே விட வேண்டும். நானும் படுத்துப் பார்த்தேன். என் நெஞ்சுக் கைதான் துள்ளியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சில மாதங்களில் அவளுக்கு வலி குறைந்தது, தோளும் பின்னால் போயிற்று.

அப்போதுதான் சிங்கம்புணரியிலிருந்து என் அக்கா ஒரு வரன் கொண்டுவந்தார்கள். பிசியோதெரபி பற்றி யாரிடமும் வாய் திறக்காதே, பெண்ணுக்கு முதுகில் கோளாறு என்று கதை கட்டிவிடுவார்கள் என்றார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். பெண் பார்க்க வரும் அன்று அக்கா மகளை அடுப்படியில் நிறுத்திச் சொன்னார்கள்:

"மாப்பிள்ளை உன்னையவிட ரெண்டு விரக்கடை கட்டை ஆத்தா. காப்பி குடுக்கைல முன்ன மாதிரி கொஞ்சம் கூனிக்கிட்டு நில்லு. தாலி ஏறுனபெறகு எம்புட்டு வேணாலும் நிமிந்துக்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஊரெல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையை மடக்குவீர்கள். யாரோ ஒருவர் கைவலிக்க நிமிர்த்துவார். இரண்டு விரற்கடைக்காகத் திரும்பவும் மடக்குவீர்களா? இதைத்தான் அக்காவிடம் கேட்டேன். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மகள் காப்பித் தட்டோடு வந்தாள். மடங்கித்தான் வந்தாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கதவோரம் நின்ற அக்கா, இன்னும் கீழே என்று கையால் சாடை காட்டினார்கள்.

"நிமிந்து நில்லு ஆத்தா," என்றேன். வந்தவர்களைப் பார்த்து, "ஆமாங்க, பிள்ளைக்கு முதுகுக்கு வைத்தியம் பாக்குறோம். இது பெறவில வந்த கூன் இல்ல. சொந்தக்காரவுக பேசிப் பேசிப் போட்டது. இன்னைக்கும் போடச் சொன்னாக," என்றேன்.

மாப்பிள்ளையின் தாயார் காப்பியைத் தொடாமல் கீழே வைத்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டே போனார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரையும் யாராவது கட்டை கட்டை என்று சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள்.

அக்கா கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். மகளாவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அத்தை குனியச் சொன்னாக. நீங்க நிமிரச் சொன்னீக. என்னைய யாரு கேட்டீக? அந்த மாப்பிள்ளைகிட்ட நானே தனியாச் சொல்லலாம்னு இருந்தேன். சபையில வச்சு என் முதுகைப் பத்திப் பேசிப்புட்டீகளே அப்பா," என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அக்காமேல் உள்ள கோபம் குறைய வேண்டியதில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு பிள்ளையின் உடம்பைப் பார்த்துச் சிரிக்கிற வாய் உங்களில் யாருக்கும் வரக்கூடாது.

அடுத்த முறை சிகிச்சைக்குக் கிளம்பியபோது வண்டியை எடுத்தேன். தானே போய்க்கொள்வதாகச் சொல்லி நடந்தாள். தெருவில் நின்ற ஒருவர் அவள் உயரத்தைப் பற்றி ஏதோ சொன்னது என் காதில் விழுந்தது. அவள் தோள் மடங்கவில்லை. நானும் போய்ச் சண்டை போடவில்லை. வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளி நிறுத்தினேன்.