நாங்களே திருப்பி எடுக்கிறம்

அந்த நடிகர் இறந்த செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அப்பா போய்ட்டாரு" என்று வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்து ஸீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். "எங்கப்பா இல்லைங்க, நாடகத்துல வர்ற அப்பா" என்று அந்தப் பெண் சொன்னதும் மனிதர் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார். இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகு, "எந்த நாடகம், மூட்டை தூக்குறவரா வருவாரே, அவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் போத்தலை வெளியே எடுத்து அவரே இரண்டு மிடறு குடித்தார்.

இளமையில் அவர் சினிமாவில் அடிவாங்கும் அடியாளாக வந்தவராம். வயதான பிறகு தொலைக்காட்சி நாடகங்களில் அப்பாவாக வந்தார். ஒன்றில் ஐந்து பெண்களுக்கு அப்பா, இன்னொன்றில் ஓடிப்போன மகனுக்கு அப்பா. இரவு ஏழரை மணிக்குக் கொழும்பில் எங்கள் ஜிந்துப்பிட்டிச் சந்தில் நடந்து போனால் ஒரு வசனத்தையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டே போகலாம். வீட்டுக்கு வீடு அதே குரல். நான் பார்த்ததில்லை. முதலில் படிக்கிற பிள்ளை என்று புத்தகத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, படித்த பிள்ளை அதையெல்லாம் பார்ப்பதா என்று இருந்துவிட்டேன்.

நான் ஒரு தமிழ் வானொலியில் வேலை செய்கிறேன். என் குரல் அதில் வராது. நேயர்கள் அழைக்கும்போது முதலில் எடுப்பவன் நான். பேர், ஊர், என்ன சொல்லப் போகிறார்கள் என்று கேட்டு, நன்றாகப் பேசக்கூடியவர்களை உள்ளே இருக்கும் அறிவிப்பாளருக்கு அனுப்புவேன். சரிவராதவர்களிடம், "லைன் கிளியர் இல்லை, நாங்களே திருப்பி எடுக்கிறம்" என்பேன். எடுக்க மாட்டோம். சேர்ந்த முதல் கிழமையே சொல்லித்தந்த வசனம் அது. யாரும் அதைப் பொய்யென்று நினைப்பதில்லை. வேலை என்றுதான் நினைக்கிறோம்.

எங்கள் வீட்டில் "எடுக்கிறம்" என்று பேச மாட்டோம். அப்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். இப்போது அவர் இல்லை. எங்கள் பேச்சு மலைநாட்டுப் பேச்சு. அலுவலகத்தில் அநேகம் பேர் யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர்கள். பேச்சை மாற்று என்று என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. முதல் மாதம் ஒருநாள் நான் "ஆமாங்க" என்றபோது ஒருவர் அதை அப்படியே இழுத்துச் சொல்லிச் சிரித்தார், அவ்வளவுதான். அடுத்த மாதம் நான் "ஓம்" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றி வைத்துவிடுவேன். அம்மா அதைக் கேட்டதே இல்லை.

எங்கள் தயாரிப்பாளர் அக்கா, வசதியான தமிழர்கள் இருக்கும் வெள்ளவத்தையில் இருப்பவர். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "உமக்கு வெள்ளவத்தைப் பக்கம் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"அம்மா நெடுகப் போய் வாறவ அக்கா" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பதினைந்து வருடமாக அம்மா ஞாயிறு தவிர எல்லா நாளும் வெள்ளவத்தைக்குப் போகிறார். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் ஃப்ளாட்டில் சமைத்து, கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார். அக்காவின் வீடு அதற்கு இரண்டு லேன் தள்ளி. அது தெரிந்த நாளிலிருந்து, அக்கா மரக்கறி வாங்கும் இடத்தில் அம்மாவும் நிற்பாரோ, ஏதாவது பேச்சு வருமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது.

நடிகர் இறந்த மறுநாள் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நினைவு நிகழ்ச்சி. தொடக்க உரையை என்னை எழுதச் சொன்னார்கள். "கலையுலகின் சுடரொன்று அணைந்தது" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். அவர் நடித்த ஒன்றையும் முழுதாகப் பார்க்காமலே எழுதினேன். அக்கா வாசித்துவிட்டு, "நல்ல தமிழ் தம்பி" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

உரை முடிந்ததும் அழைப்புகள் வரத் தொடங்கின. முதலில் எடுத்தவர் மட்டக்குளி ஆட்டோக்காரர்.

"அண்ணே, ஒரு பாட்டுப் பாடவா?"

"அவர் பாடகர் இல்லையே, நடிகர்."

"ஹீரோ பாடும்போது பின்னால நிப்பாரு அண்ணே. அந்தப் பாட்டு."

அனுப்பிவிட்டேன். இரண்டு வரி பாடிவிட்டு மறந்துபோனார். அறிவிப்பாளர் அண்ணா சிரித்துச் சமாளித்தார்.

பிறகு புறக்கோட்டையில் பை வியாபாரம் செய்யும் முஸ்லிம் பெரியவர் ஒருவர். "மகன், எண்ட வாப்பா மௌத்தான நேரம் எனக்கு அழுகை வரல்ல" என்று தொடங்கினார். "நாடகத்துல அந்த மனிசன் மௌத்தான அண்டைக்கு கடையில இருந்து அழுதேன். பொடியன்மார் பார்த்துச் சிரிச்சானுகள். வாப்பாக்கு அழ வேண்டிய அழுகை அது. எனக்கு மட்டும்தான் தெரியும்." அவர் பேசி முடித்தபோது அறிவிப்பாளர் அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. வானொலியில் அப்படி மௌனம் வரக்கூடாது. ஆனால் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். "இப்பிடி ஆக்களை அனுப்பும் தம்பி, இப்பிடி ஆக்களை."

அடுத்த அழைப்பை எடுத்தேன். "வணக்கம், ஆர் கதைக்கிறீங்கள்?"

"ரேடியோங்களா சார்?"

அம்மா.

நான் வானொலியில் வேலை செய்வது அம்மாவுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன் எடுப்பவன் என்று நான் சொல்லியிருக்கவில்லை. நான் ஏதாவது சொல்வதற்குள் அம்மா தொடங்கிவிட்டார். யாரிடமோ சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போல நிறுத்தாமல் வந்தது.

"நான் வெள்ளவத்தையில ஒரு வீட்டுல வேலை செய்றேங்க சார். அங்கதான் அந்த நாடகம் பாப்பேன். ராச் சாப்பாடு செஞ்சு வச்சிட்டு, குசினி வாசல்ல கீழ உக்காந்து பாப்பேன், டீச்சரம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எம் பையனுக்கு அப்ப ஓ.எல். பரீட்ச ரிசல்ட் வந்திருந்திச்சு. நல்லா பாஸ். ஆனா அவங்கப்பா புறக்கோட்டையில துணிக்கடை ஒண்ணுல அவனுக்கு வேலை பேசிட்டாரு. மறுநாள் கூட்டிட்டுப் போறதா இருந்திச்சு. அன்னிக்கு ராத்திரி நாடகத்துல இவரு மகன ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போறாரு சார். மொதலாளி ஒண்ணும் பேசல, மூலையில இருந்த வெளக்குமாத்த எடுத்துப் பையன் கையில குடுக்குறாரு. இவரு அத பையன் கையிலருந்து வாங்கி, அந்தக் கடை முழுக்க அவரே கூட்டுறாரு. கூட்டி முடிச்சு வெளக்குமாத்த அதே மூலையில வச்சிட்டு, பையனக் கூட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறாரு. ஒரு வார்த்த பேசல சார். என் கையிலயும் அப்ப வெளக்குமாறுதான் இருந்திச்சு."

அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அயர்ன் பண்ணிய சட்டை போட்டு நின்றேன். அப்பா வெளியில் நின்று கூப்பிட்டார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "இவன் வரல" என்றார். அப்பா கத்தினார். சந்தே எட்டிப் பார்த்தது. அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒன்றினால்தான் நான் மேலே படிக்க ஏ.எல். வகுப்புக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் என் வகுப்பாசிரியர் வீடு தேடி வந்து அம்மாவிடம் பேசியதாகச் சொல்வேன். இந்த வேலைக்கான நேர்முகத்திலும் அதைத்தான் சொன்னேன். ஆசிரியர் வந்தது உண்மை. ஆனால் அவர் வந்தது இரண்டு நாள் கழித்து.

இதையெல்லாம் நான் அன்று அப்போதே யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அப்போது யோசித்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா இன்னும் இரண்டு வசனம் பேசினால், "அந்தப் பையன் உங்க ரேடியோவுலதான் இருக்கான்" என்று என் பேரைச் சொல்லிவிடுவார். குசினி வாசல், கீழே உட்கார்ந்தது, விளக்குமாறு, எல்லாம் என் பேரோடு சேர்ந்து ஒலிபரப்பாகும். அக்கா கேட்பார். "ஆமாங்க" என்று இழுத்துச் சிரித்தவர் கேட்பார்.

அக்கா கண்ணாடியைத் தட்டி, யார் லைனில் என்று சைகையால் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். "லைன் கிளியர் இல்லை அம்மா. நாங்களே திருப்பி எடுக்கிறம்."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் ரேடியோ மட்டும் கேட்டது. பிறகு அம்மா, "சரி. வேலையப் பாருங்க" என்றார். அதுவரை வசனத்துக்கு வசனம் வந்த "சார்" அதில் இல்லை. எனக்கு அது உறைத்தது பல நாள் கழித்துத்தான். வைத்துவிட்டேன்.

"ஆரது?" என்றார் அக்கா.

"விளங்கேல்ல அக்கா, ஒரே இரைச்சல்."

அன்று இரவு சந்துக்குள் நுழையும்போது பைப்படியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, ஒங்கம்மா ரேடியோவுல பேசப் போறேன்னு காலையிலயே சந்து பூரா சொல்லிட்டுப் போனாங்க. நாங்க வேலையப் போட்டுட்டு ரெண்டு மணியில இருந்து உக்காந்திருக்கோம். எவனோ ஒருத்தன் பாட்டுங்கிற பேர்ல ஆடு மாதிரிக் கத்துறான், அவனுக்கெல்லாம் லைன் கிடைக்குது. ஒங்கம்மாகிட்ட கூப்பிடுறோம்னு சொல்லிட்டுக் கூப்பிடவே இல்லயாமே. நாலு மணி வரைக்கும் போனக் கையில வச்சுக்கிட்டு இருந்தாங்களாம். குசினிக்குக்கூடப் போகல, அந்த டீச்சரே டீ ஊத்திக் குடுத்தாங்களாம். நீயெல்லாம் அங்க இருந்து என்ன பிரயோசனம்?"

வீட்டுக்குள் போனேன். அம்மா சோறு போட்டார். மழை வரும் போல இருக்கிறது என்றார். டீச்சரம்மாவின் மகன் கனடாவிலிருந்து வரப் போகிறான் என்றார். ரேடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சந்து முழுக்கச் சொன்னவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. "நாங்களே திருப்பி எடுக்கிறம்" என்று அதற்குப் பிறகும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பௌர்ணமி, போயா லீவு. டீச்சரம்மா உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததால் அம்மாவும் வீட்டில். கீழே உட்கார்ந்து நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அன்னிக்கு ரேடியோவுக்கு அடிச்சியே."

"ம்."

"லைன் நல்லாத்தான் இருந்திச்சு. நாந்தான் வச்சேன்."

"தெரியும்."

"என் கொரல் தெரிஞ்சிருச்சா?"

"மொதல்ல தெரியல. யாரோ யாப்பாணத்துப் புள்ளன்னு நெனச்சேன். அப்புறம் தொண்டையச் செருமுன. சின்னதுல இருந்து பொய் சொல்றதுக்கு முன்ன நீ அப்படித்தான்." கிள்ளிய தலையை ஓரமாக ஒதுக்கினார். "அந்தப் பேச்சு ஒனக்கு நல்லாத்தான் இருக்கு. டீச்சரம்மா வீட்டு ஆளுங்க பேசுற மாதிரி."

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன் நாலு மணி வரைக்கும் போனக் கையில வச்சுக்கிட்டு இருந்த?"

"பொய்தான். இருந்தாலும் எடுப்பன்னு நெனச்சேன்."

வெளியில் யாரோ பைப்பைத் திறந்து வாளி வைத்தார்கள். அது நிரம்பியதும் பைப் நின்றது.

"மிச்சத்தச் சொல்லும்மா. அன்னிக்கு என்ன சொல்ல இருந்த?"

"இப்ப எதுக்கு? அவரு போய் ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்குச் சொல்லியிருந்தா அவருக்குக் கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

"எனக்குச் சொல்லு."

அம்மா நெத்தலியைப் பார்த்துக்கொண்டே, ரேடியோவுக்குப் பேசும் அதே குரலில் சொன்னார். "மறுநாள் காலையில அவங்கப்பா கூட்டிட்டுப் போக நின்னாரு சார், நான் விடல. அந்தப் பையன் இப்ப படிச்சு நல்ல வேலையில இருக்கான். எங்கன்னு சொல்ல மாட்டேங்க. பேரும் சொல்ல மாட்டேன், அவனுக்குக் கூச்சமா இருக்கும். ஆனா அன்னிக்கு அவனக் கடையிலருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நீங்கதாங்க ஐயா. நல்லபடியா போய்ட்டு வாங்க."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ்வளவுதான். ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது."

அம்மா தட்டை என் பக்கம் தள்ளினார்.

"சும்மா இருக்காம நீயும் கிள்ளு."

கிள்ளினேன்.